நிலாவாரை இலையும் ஆய்வுக்கூடத்து எலியும்

தோட்டப்புறத்து வீடுகளில் பேதிக்குக் கொடுப்பது ஒரு காலத்தில் சடங்குபோலவே நடந்துவந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பார்த்துப் பொழுது விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிடுவார்கள். பிறகு வெந்நீர், நண்பகலில் மிளகு ரசமும் குழைந்த சோறும். பெரியவர்களுக்கு வேறு மருந்து. பட்டணத்து நாட்டு மருந்துக்கடையில் வாங்கிவந்த நிலாவாரைப் பொடியை இரவு படுக்கப் போகுமுன் வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்கள். சொல்லிவைத்தாற்போல் விடியற்காலையில் அது வேலை செய்யும். ஏன் இரவில் குடிக்கிறீர்கள், ஏன் உடனே வேலை செய்வதில்லை என்று சிறுவனாக இருந்த நான் என் பாட்டியைக் கேட்டதுண்டு. "அது அப்படித்தான்" என்பதே கிடைத்த விடை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் பாடவேளையில் ஒரு காலிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினான். மலச்சிக்கலுக்கென்று விற்கப்படும் ஏதோ ஓர் இலைத்தூளின் பொட்டலம் அது. அவன் பாட்டி ஆறு திங்களாக நாள்தோறும் அதைத்தான் குடித்துவருகிறாராம். பொட்டலத்தின் மேல் "எலிகளில் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. "ஐயா, எலிக்குக் கேட்ட மருந்து பாட்டிக்கும் கேட்குமா?" என்று அவன் வினவினான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக் கல்லூரியில் படித்த பாடம் எதுவும் அந்த வினாவுக்கு உடனே கைகொடுக்கவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அவனுக்கு வாக்களித்தேன். தேடியபோது, நம் பாட்டிமார் அறிந்த நிலாவாரையின் வரலாற்றிலேயே விடை இருக்கக் கண்டேன். ஆசிரிய நண்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

கப்பலில் வந்த இலை

நிலாவாரை, நிலாவிரை என்றெல்லாம் நாம் வழங்கும் செடி ஆவாரையின் இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூவும் தட்டையான காயும் உடையது. அரபு நாடும் அதனை அடுத்த ஆப்பிரிக்கக் கரையும் அதன் தாயகம். அரபு மொழியில் அதற்குச் 'சனா' என்று பெயர். ஐரோப்பியர் வழங்கும் 'சென்னா' என்னும் பெயர் அதிலிருந்து பிறந்ததே. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு முதல் அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் இவ்விலையைப் பேதி மருந்தாக எழுதிவைத்திருக்கின்றனர். எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற சரக்கு 'அலெக்சாந்திரியா சென்னா' எனப் பெயர் பெற்றது. நம் கடைகளில் 'சூரத்து நிலாவாரை' என்னும் பெயர் வழங்குவதும் இது துறைமுகம் கடந்து வந்த சரக்கு என்பதை நினைவூட்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இச்செடியைப் பயிரிட்டார். மழை குறைந்த அந்த மண் அதற்கு ஏற்றதாக அமைந்தது. அங்கே விளைந்த இலை பெரியது, குப்பை கலவாதது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 'தின்னவேலி சென்னா' என்னும் பெயரோடு உலகச் சந்தையில் அலெக்சாந்திரியாச் சரக்குக்குப் போட்டியாக நின்றது. ஐரோப்பிய நாடுகளின் மருந்து நூல்களில் ஒரு தமிழ்ச் சீமையின் பெயர் ஏறியது இப்படித்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பகுதிகளில் இன்றும் இது பணப்பயிராக விளைகிறது.

சத்தைத் தேடியவர்கள்

இலை பேதியாக்கும் என்பதை உலகம் ஆயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தது. இலையில் உள்ள எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பதை அறிய அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று.

1866இல் டோர்பாட் நகரத்தில் டிராகன்டார்ஃபும் குப்ளியும் இலையிலிருந்து ஒரு புளிப்புப் பொருளைப் பிரித்து, அதுவே பேதிச்சத்து என்றனர். பின்னர் அது பல பொருள்களின் கலவை என்று தெரியவந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பேராசிரியர் சிர்ச் என்பவர், நிலாவாரை, கற்றாழை, இரேவற்சின்னி ஆகிய மூன்றிலும் ஆந்த்ராகுவினோன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் இருப்பதைக் காட்டினார். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. அப்பொருள்களைத் தனியே பிரித்துக் கொடுத்தால் இலை செய்த அளவுக்கு அவை வேலை செய்யவில்லை. பிரிக்கப் பிரிக்கச் சத்து மறைந்துகொண்டே போயிற்று.

1941இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்னும் வேதியியலார் இப்புதிரின் கதவைத் திறந்தார். மென்மையான முறைகளைக் கையாண்டு, இலையில் இருந்தவாறே சத்தைப் பிரித்தெடுத்து, அதற்குச் 'சென்னோசைடு' என்று பெயரிட்டார். சென்னோசைடு ஓர் இரட்டைக் கட்டு. ஒவ்வொரு பாதியின் மேலும் ஒரு சர்க்கரைத் துகள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னையோர் கையாண்ட கடுமையான முறைகளில் இந்தக் கட்டு சிதைந்து, சர்க்கரை கழன்றுபோயிருந்தது. சர்க்கரை போனதும் மருந்தின் வலிமையும் போயிற்று. சர்க்கரைக்கும் பேதிக்கும் என்ன உறவு? இதனைச் சோதனைக் குழாயால் சொல்ல முடியவில்லை. உயிருள்ள குடல் ஒன்று தேவைப்பட்டது.

புழுக்கையை எண்ணிய அறிஞர்கள்

சோதனைக்கு எலியைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அது சிறியது, விரைவில் இனம் பெருக்குவது, ஒரே குருதிவழியில் ஒன்றுபோல் நூறு எலிகளை வளர்க்க முடியும். மலத்தைப் புழுக்கை புழுக்கையாக இடுவதால் எண்ணுவது எளிது. எனினும் எலிக்குத் தன் புழுக்கையைத் தானே தின்னும் பழக்கம் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் கூண்டின் அடித்தளத்தைக் கம்பி வலையாக அமைத்து, விழுந்ததைக் கீழே தாளில் ஏந்தி எண்ணுகின்றனர். இந்த ஒரு விவரத்தை மறந்தால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

1931இல் மாக்ட் என்பவரும் பார்பா-கோஸ் என்பவரும் ஒரு முறையை வெளியிட்டனர். கரித்தூளை உணவாகப் புகட்டி, குறித்த நேரம் கழித்து, அக்கருமை குடலில் எவ்வளவு தொலைவு சென்றிருக்கிறது என்று அளப்பதே அம்முறை. 1949இல் லூ என்பவர் நிலாவாரைக்கென்றே சுண்டெலிகளைக் கொண்டு ஒரு முறையை வெளியிட்டார். அளந்த மருந்தைக் கொடுத்து, சுண்டெலிகள் இடும் ஈரமான புழுக்கைகளை எண்ணி, வலிமை தெரிந்த மருந்தோடு ஒப்பிடுவது அது. கையளவு, சிட்டிகையளவு என்று கொடுக்கப்பட்டுவந்த இலைக்கு முதன்முறையாக நம்பத்தக்க ஓர் அளவுகோல் கிடைத்தது. ஓர் ஊர் இலைக்கும் மற்றோர் ஊர் இலைக்கும் வலிமை வேறுபடும் அல்லவா? பாட்டிக்கு ஒரு முறை கேட்காமலும், மறுமுறை நாள் முழுவதும் படுக்கவைத்தும் வந்த மருந்தை அளவுக்குள் கொண்டுவர இம்முறைகள் உதவின.

ஓர் இரவு ஏன் வேண்டியிருக்கிறது?

சர்க்கரையின் புதிரை அதே 1949இல் இலண்டன் மருந்தியல் கல்லூரியைச் சேர்ந்த ஃபேர்பேர்ன் விளக்கினார். சர்க்கரை ஒட்டியிருப்பதால் சென்னோசைடு சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. கட்டுச்சோற்று மூட்டைபோல் அவிழாமலே பெருங்குடலைப் போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கழற்றிக்கொண்டு, இரட்டைக் கட்டையும் பிரிக்கின்றன. அப்போது பிறக்கும் 'ரெயின் ஆந்த்ரோன்' என்னும் பொருளே வேலையைச் செய்கிறது. சர்க்கரையை முன்னதாகவே கழற்றிவிட்டால், சத்து வழியிலேயே உறிஞ்சப்பட்டும் சிதைந்தும் வீணாகும்.

பெருங்குடலை அடைந்ததும் அச்சத்து என்ன செய்கிறது என்பதை 1980களில் ஜெர்மானிய ஆய்வாளர் லெங்-பெஷ்லோவ் எலிகளில் அளந்தார். 1986இல் அவர் வெளியிட்ட முடிவு இருவகை விளைவுகளைக் காட்டியது. பெருங்குடலில் மலம் நகரும் வேகம் கூடுகிறது. குடற்சுவர் நீரை உறிஞ்சுவது குறைகிறது. ஆகவே மலம் விரைவாகவும் இளக்கமாகவும் வெளியேறுகிறது.

இப்போது என் பாட்டியின் "அது அப்படித்தான்" என்பதற்குப் பொருள் விளங்கிவிட்டது. வாயிலிருந்து பெருங்குடல்வரை உள்ள பயணமும், அங்கே நுண்ணுயிர்கள் மூட்டையை அவிழ்ப்பதும் சேர்ந்து ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் எடுக்கும். இரவில் குடித்தால் விடியலில் கேட்கும். பாட்டி காரணத்தை அறிந்திலர். ஆனால் நேரத்தைச் சரியாகக் கணித்திருந்தார்.

எலி மறைத்ததும் எலி எச்சரித்ததும்

இதுவரை கேட்டால் எலி உண்மையையே சொல்லும் சாட்சி என்று தோன்றும். நிலாவாரையின் உறவுச்சத்தைக் கொண்ட கற்றாழையின் கதை அவ்வளவு நேரானதன்று.

கற்றாழை மடலை வெட்டினால் தோலின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் பால் வடியும். அதைக் காய்ச்சி இறுக்கியதே நம் மருந்துக்கடைகளின் கரியபோளம். மனிதருக்கு அது கடும் பேதி மருந்து. அதன் சத்தின் பெயர் பார்பலோயின். ஜப்பானில், ஊர் ஊராய்ச் சென்று வீடுகளில் மருந்து வைத்துவிட்டு வரும் வணிகர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற தொயாமா நகரில், அக்காவோ, கொபாஷி, ஹத்தோரி முதலிய ஆய்வாளர்கள் பார்பலோயினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1996இல் வெளிவந்தது. சாதாரண எலிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் வீதம் கொடுத்தும் கடும் பேதி ஆகவில்லை.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. பிறந்தது முதல் காற்று, நீர், உணவு அனைத்தும் தூய்மையாக்கப்பட்ட அறைக்குள் வளர்ந்து, குடலில் ஒரு நுண்ணுயிரும் இல்லாத எலிகள் உண்டு. அவற்றுக்குக் கொடுத்தபோதும் கடும் பேதி இல்லை. பின்பு, மனிதக் குடலிலிருந்து எடுத்த யூபாக்டீரியம் வகை நுண்ணுயிர் ஒன்றை மட்டும் அத்தகைய எலிகளின் குடலில் குடியேற்றினர். இப்போது ஒரு கிலோவுக்கு 66.7 மில்லிகிராம் கொடுத்ததுமே கடுமையான பேதி கண்டது. அதே எலியினம், அதே மருந்து, மூன்றில் ஒரு பங்கு அளவு. மாறியது குடலில் இருந்த குடியானவன் ஒருவனே.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கரியபோளத்தை எலியில் மட்டும் சோதித்திருந்தால் 'பேதிக்கு உதவாதது' என்று தள்ளியிருப்பார்கள். மனிதரில் அது பேதியாக்குவதை உலகமே அறியும். எலி பொய் சொல்லவில்லை. தன் குடலைப் பற்றி அது உண்மையே சொன்னது. நம் குடலைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை.

மறுபுறமும் உண்டு. தூய்மைப்படுத்தாத முழு மடல் கற்றாழைச் சாற்றை ஈராண்டு குடிநீரில் கலந்து கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசாங்க ஆய்வு 2013இல் வெளியாயிற்று. எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றியிருந்தன. சுண்டெலிகளிலோ அவ்வாறு தோன்றவில்லை. எலியும் சுண்டெலியும் நம் கண்ணுக்கு அண்ணன் தம்பிபோல் தெரியும். அவற்றுக்கிடையிலேயே இத்துணை வேறுபாடு என்றால், எலிக்கும் மனிதனுக்கும் எவ்வளவு இருக்கக்கூடும்! ஆயினும் எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யலாகாது. நிலாவாரையையும் இவ்வாறே எலிகளுக்கு ஈராண்டு கொடுத்துப் பார்த்தனர். 2006இல் வெளியான முடிவில் அத்தகைய கட்டிகள் காணப்படவில்லை.

பேதி வேறு, மலச்சிக்கல் வேறு

இனி மாணவன் கொண்டுவந்த பொட்டலத்துக்கு வருவோம். இக்காலத்தில் ஓர் இலைச்சாற்றை மலச்சிக்கலுக்குச் சோதிக்கும் முறை பெரும்பாலும் இதுதான். நலமாக உள்ள எலிகளுக்கு லோபராமைடு என்னும் மருந்தைக் கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்த நாம் விழுங்கும் மாத்திரையில் உள்ளதும் இதுவே. அது குடலின் அசைவை அடக்கி எலிக்குச் செயற்கையாக மலச்சிக்கலை உண்டாக்கும். பின்னர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் நீர், ஒரு குழுவுக்குப் பெயர்பெற்ற மருந்து, மற்றக் குழுக்களுக்கு இலைச்சாறு வெவ்வேறு அளவுகளில் கொடுக்கிறார்கள். புழுக்கையின் எண்ணிக்கை, எடை, ஈரம் மூன்றையும் அளக்கிறார்கள்.

நம் பள்ளி அறிவியலில் கற்பிக்கும் மூன்று மாறிகளும் இங்கே அப்படியே இருக்கின்றன. சாற்றின் அளவு தற்சார்பு மாறி; புழுக்கையின் கணக்கு சார்பு மாறி; எலியின் இனம், வயது, உணவு, கூண்டு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நீர் மட்டும் குடித்த குழு இல்லாத ஆய்வை ஆய்வென்றே கொள்ளுதல் கூடாது. ஏனெனில், தண்ணீர் கிடைத்ததனாலோ நாள் கடந்ததனாலோ எலி தானே குணமடைந்திருக்கலாம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தால், 60 கிலோ மனிதனுக்கு 12 கிராம் என்று பெருக்குவது தவறு. சிற்றுயிரின் உடல் மருந்தை விரைவாகச் செலவழிக்கிறது. எலியின் அளவை ஏறக்குறைய 6ஆல் வகுத்தே மனித அளவை முதற்கணக்காக மதிப்பிடுவது வழக்கம். அப்படியானால் 2 கிராம் அளவில் வரும். அதுவும் தொடக்கக் கணக்கே அன்றி முடிவன்று.

கரித்தூள் முறையிலும் கவனம் வேண்டும். அரை மணி நேரத்தில் கரி சிறுகுடலில் எவ்வளவு சென்றது என்று மட்டும் அளந்தால், பல மணி நேரம் கழித்துப் பெருங்குடலில் வேலை செய்யும் நிலாவாரை போன்ற மருந்தின் உண்மையான வேலை கணக்கில் வராமலே போகும்.

ஆகவே எலியின் சாட்சியத்துக்குப் பின் மனிதரின் சாட்சியம் வேண்டும். நம் நாட்டு வாய்க்கால் ஓரங்களில் மெழுகுவத்தியைப்போல் மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்கும் சீமையகத்தியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதைக் கெலெங்காங் என்பர். படர்தாமரைக்கு இலையை அரைத்துத் தேய்ப்பர். அதுவும் நிலாவாரையின் இனமே. நைஜீரியாவில் 1980களின் இறுதியில் எலுஜோபாவும் அவர் தோழர்களும் தங்கள் நாட்டில் வளரும் இவ்வினச் செடிகளின் பேதித்திறனை எலிகளில் ஆராய்ந்தனர். 1990இல் தாய்லாந்தில் மலச்சிக்கலால் துன்புற்ற 80 பேரிடம் சீமையகத்தி சோதிக்கப்பட்டது. மருந்தில்லாப் போலிமருந்து குடித்தவர்களில் 24 மணி நேரத்துக்குள் மலம் கழித்தோர் நூற்றுக்கு 18 பேர். சீமையகத்தி குடித்தவர்களில் நூற்றுக்கு 83 பேர்.

நிலாவாரையையும் ஜப்பானில் 90 நோயாளிகளிடம் 28 நாள் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். போலிமருந்து உண்டவர்களில் நலம் கண்டோர் நூற்றுக்கு 11.7, நிலாவாரை உண்டவர்களில் 69.2, மக்னீசியம் ஆக்சைடு என்னும் உப்பு மருந்து உண்டவர்களில் 68.3. ஆயிரம் ஆண்டு வழக்கில் இருந்த இலை இந்தத் தேர்விலும் வென்றது. வெல்லாத நூறு இலைகளும் இருக்கக்கூடும். பழையது என்பதாலேயே ஒன்று மெய்யாவதும் இல்லை, பொய்யாவதும் இல்லை.

மாணவனுக்குச் சொன்ன விடை

இவ்வளவையும் படித்தபின் அந்த மாணவனை அழைத்து, பொட்டலத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய வினாக்களைக் கரும்பலகையில் எழுதினேன். எத்தனை எலிகள்? நீர் மட்டும் குடித்த குழு இருந்ததா? எலிக்குக் கொடுத்த அளவென்ன, பாட்டி குடிக்கும் அளவென்ன? எலிக்குப் பேதியாயிற்றா, மலச்சிக்கல் தீர்ந்ததா? அதற்குப்பின் மனிதரிடம் யாரேனும் சோதித்தார்களா? எத்தனை நாள்? பொட்டலத்தில் ஒன்றுக்கும் விடை இல்லை. உள்ளே இருந்தது எந்த இலை என்பதுகூட எழுதப்படவில்லை.

ஆறு திங்கள் நாள்தோறும் குடிப்பதுதான் எனக்குக் கவலை தந்தது. பேதி மருந்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் உடலின் நீரும் பொட்டாசியம் என்னும் உப்பும் குறைந்து, தசை தளர்ந்து, நெஞ்சத்துடிப்பே தடுமாறக்கூடும். மெலிவதற்கென்று விற்கும் தேநீர்ப் பைகள் சிலவற்றில் நிலாவாரை இருப்பதையும் அறியாமலே பலர் குடிக்கின்றனர். ஆகவே, "பொட்டலத்தையும் பாட்டி உண்ணும் மற்ற மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல், தம்பி" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்து சொன்னான். பாட்டி இரத்தச் சோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை உண்டுவந்திருக்கிறார். மலச்சிக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கும் என்று மருத்துவர் கருதி, மாத்திரையை மாற்றிக் கொடுத்து, தண்ணீரும் காய்கறியும் கூட்டச் சொல்லியிருக்கிறார். தூளை நிறுத்திவிட்டார்களாம்.

ஆய்வுக்கூடத்து எலிக்கு மலச்சிக்கல் லோபராமைடால் வந்தது. பாட்டிக்கு இரும்பு மாத்திரையால் வந்தது. எலியைக் கேட்ட எவரும் பாட்டியைக் கேட்கவில்லை. கேட்கத் தூண்டியவன் பதினொரு வயதுச் சிறுவன். அறிவியல் பாடத்தில் மாறிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதோடு நில்லாமல், வீட்டுக்கு வரும் பொட்டலங்களையும் விளம்பரங்களையும் வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, இத்தகைய வினாக்களைக் கேட்கப் பழக்குவோமானால், நம் பிள்ளைகள் மட்டுமல்லர், அவர்தம் பாட்டிமாரும் பயனடைவர்.